கொங்கு வானம் – 17: ஆறு சேபர்களும் ஒரு ‘நாட்’டும்

2020 மே 27, புதன்கிழமை. கொரோனா ஊரடங்கில் அவினாசி சாலை வெறிச்சோடிக் கிடந்த காலம். ஹோப் காலேஜ் நிறுத்தத்தில் பஸ் இல்லை, பீளமேட்டுப் பட்டறைகளில் லேத் சத்தம் இல்லை. விமான நிலையத்தில் உள்நாட்டு விமானங்கள் மறுபடி வர ஆரம்பித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அன்று கிழக்கே சூலூர்ப் பக்கம் வானம் அதிர்ந்தது. விமானப்படையின் அப்போதைய தலைமைத் தளபதி பதௌரியா சூலூர் தளத்தில் தாமே ஒரு தேஜஸ் விமானத்தை ஓட்டினார். பிறகு, தேஜஸ் விமானங்களைக் கொண்ட இரண்டாவது ஸ்குவாட்ரனைப் பணியில் சேர்த்தார். அதன் எண் 18. பட்டப்பெயர் ‘ஃபிளையிங் புல்லட்ஸ்’, அதாவது பறக்கும் தோட்டாக்கள். ‘தீவ்ர அவுர் நிர்பய்’, விரைவும் அச்சமின்மையும், என்பது அதன் முழக்கம்.

அந்த ஸ்குவாட்ரன் அன்று புதிதாகப் பிறந்ததல்ல. 1965 ஏப்ரல் 15 அன்று அம்பாலாவில் ‘நாட்’ விமானங்களோடு தொடங்கப்பட்டது. பின்னாளில் மிக்-27 ஓட்டியது. அந்த விமானங்கள் பழையதாகி ஒதுக்கப்பட்டபோது, 2016 ஏப்ரல் 15 அன்று ஸ்குவாட்ரனையும் கலைத்து எண்ணை எடுத்து வைத்தார்கள். விமானப்படையில் ஸ்குவாட்ரன் கலைந்தாலும் அதன் எண்ணும் கொடியும் பதிவேடுகளும் பத்திரமாக இருக்கும். நம் வீடுகளில் பேரனுக்குத் தாத்தன் பேரை வைப்பதுபோல், புது விமானம் வரும்போது அந்த எண்ணை எடுத்துப் புதுப் பிரிவுக்குச் சூட்டுவார்கள். 2020 ஏப்ரல் 1 அன்று 18ஆம் எண் சூலூரில் அப்படித்தான் மறுபடி உயிர்பெற்றது.

எண்ணோடு ஒரு பெயரும் சூலூருக்கு வந்தது: ஃபிளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் சேகோன். இன்றுவரை பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரில் விமானப்படையைச் சேர்ந்தவர் அவர் ஒருவரே. மற்ற 20 பேரும் தரைப்படையினர். அந்த ஒருவர் 18ஆம் ஸ்குவாட்ரன்காரர். கொங்கு வானத்தின் வரலாற்றில் பஞ்சாபிப் பையன் ஒருவனுக்கு ஒரு முழு அத்தியாயம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

சென்ற இதழில், இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை நம் பீளமேட்டில் ‘கருடா’ என்ற பெயரில் நடத்திய விமானப் பழுதுபார்ப்பு நிலையத்தையும், சூலூரில் ‘வைரி’ என்ற பெயரில் வைத்திருந்த தளத்தையும் பார்த்தோம். அந்தக் காலத்துப் போர் விமானங்கள் இங்கே வந்ததெல்லாம் பெரும்பாலும் காயத்தோடு வந்தவை. இங்கே சரிபார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். அவற்றை ஓட்டியவர்களின் கதை வங்கக் கடலிலும் இலங்கையிலும் பர்மாவிலும் நடந்தது. 18ஆம் ஸ்குவாட்ரனின் கதையும் இங்கிருந்து வெகுதொலைவில், காஷ்மீரப் பள்ளத்தாக்கில் நடந்ததுதான்.

லூதியானா மாவட்டத்தில் இஸ்ஸேவால் ஒரு சிற்றூர். பக்கத்தில் ஹல்வாரா விமானப்படைத் தளம். சேகோனின் தந்தை தர்லோக் சிங்கும் விமானப்படையில் பணியாற்றியவர். தலைக்கு மேல் விமானம் போகாத நாளே இல்லாத ஊரில் வளர்ந்த பையனுக்கு வேறு ஆசை வந்திருந்தால்தான் வியப்பு. சூலூர், கலங்கல், காங்கேயம்பாளையம் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே புரியும். 1962இல் ஆக்ராவின் தயால்பாக் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார், படிப்பைப் பாதியில் விட்டு விமானப்படைக்குப் போனார். 1967 ஜூன் 4 அன்று போர் விமானி ஆனார். 1968 அக்டோபரில் 18ஆம் ஸ்குவாட்ரனுக்கு வந்தார்.

நெடுநெடுவென்று உயரமானவர். யாரைப் பார்த்தாலும் ‘பிரதர்’ என்றே கூப்பிடுவார். கடைசியில் ஸ்குவாட்ரன் முழுக்க அவருக்கே ‘பிரதர்’ என்று பெயர் வைத்துவிட்டது. பீளமேட்டில் பிறந்திருந்தால் ‘அண்ணா’ என்று பெயர் வாங்கியிருப்பார். அந்த உயரத்தோடு அவர் ஏறி உட்கார்ந்த விமானமோ அக்காலத்துப் போர் விமானங்களிலேயே மிகச் சிறியது.

‘நாட்’ பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பட்டறை ஊர்க்காரர்களுக்கு இயந்திரத்தைச் சொல்லாமல் மனிதனை மட்டும் சொன்னால் கதை நிற்காது. பிரிட்டனின் ஃபோலண்ட் நிறுவனத்துக்காக பெட்டர் என்ற பொறியாளர் வடிவமைத்தது அது. போர் விமானங்கள் ஆண்டுக்கு ஆண்டு கனத்துக்கொண்டும் விலை ஏறிக்கொண்டும் போன 1950களில், இவர் எதிர்த் திசையில் யோசித்தார்: எதையெல்லாம் எடுத்துவிட்டாலும் விமானம் சண்டை போடும்? அப்படிச் செதுக்கிச் செதுக்கி மிஞ்சியதுதான் ‘நாட்’. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்கு 6.7 மீட்டர், மூக்கிலிருந்து வால்வரை 9 மீட்டருக்கும் குறைவு. பாகிஸ்தானிடம் இருந்த அமெரிக்க சேபர் போர் விமானத்தின் எடையில் ஏறக்குறைய பாதிதான். பிரிட்டிஷ் விமானப்படை அதை ஒற்றை இருக்கைப் போர் விமானமாக எடுத்துக்கொள்ளவில்லை, பயிற்சிக்கு மட்டும் இரட்டை இருக்கை வகையை வாங்கியது. நாம் வாங்கினோம். பெங்களூர் ஹெச்.ஏ.எல். ஆலையில் உரிமம் பெற்றுச் செய்யவும் தொடங்கினோம்.

சின்ன விமானமாக இருந்ததால் எதிரி கண்ணுக்கு லேசில் அகப்படாது. சட்டென்று ஏறும், சட்டென்று திரும்பும். ஆனால் 30 மில்லிமீட்டர் பீரங்கி இரண்டுதான், ஒவ்வொன்றுக்கும் 115 குண்டுகள். விசையை அழுத்திப் பிடித்தால் ஆறு விநாடிக்குள் அத்தனையும் தீர்ந்துவிடும். சண்டை நடுவே அந்தப் பீரங்கிகள் சிக்கிக்கொண்டு மக்கர் செய்வதும் உண்டு. 1965 போரில் இந்த விமானம் சேபர்களை வீழ்த்தியதால் ‘சேபர் ஸ்லேயர்’ என்று பேர் வாங்கியது. அந்தப் பெயர் முழுக்க விமானத்துக்கு உரியதல்ல. ஆறு விநாடிக் குண்டை வைத்துக்கொண்டு எப்போது விசையை அழுத்துவது, எப்போது கையை எடுப்பது என்று தெரிந்த விமானிகளுக்கும் அதில் சரிபாதி பங்கு உண்டு.

இனி ஸ்ரீநகர். 1948ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்பாட்டின்படி, போர் மூளும்வரை அங்கே வான்காப்புப் போர் விமானங்களை நிறுத்தி வைக்கக் கூடாது என்றிருந்தது. 1971 டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் நம் தளங்களைத் தாக்கி முறைப்படி போர் தொடங்கிய பிறகே காஷ்மீருக்கு ‘நாட்’கள் போக முடிந்தது. அப்படி அனுப்பப்பட்ட சிறு பிரிவில் சேகோனும் இருந்தார். பஞ்சாபின் சமவெளியில் பறந்து பழகியவருக்குச் சுற்றிலும் மலை. விமான நிலையமே கடல் மட்டத்திலிருந்து 1,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் குன்னூரைவிடச் சற்றே தாழ்வு. பீளமேட்டு ஓடுபாதையோ ஏறக்குறைய 400 மீட்டர் உயரம்தான். அந்த மெல்லிய காற்றில் விமானம் எழும்புவதற்கு அதிக தூரம் ஓட வேண்டும், எஞ்சினின் உந்துவிசையும் குறையும். போதாததற்கு டிசம்பர் மாதத்துக் குளிரும் மூடுபனியும். மலைகள் மறைப்பதால் ரேடாரை நம்ப முடியாது. மலைமுகடுகளில் உட்கார்ந்திருக்கும் கண்காணிப்புக் காவலர்கள் விமானம் வருவதைக் கண்ணால் கண்டு தகவல் சொன்னால்தான் உண்டு. அந்தத் தகவல் கீழே வந்து சேரும்போது எதிரி விமானம் தலைக்கு மேல் வந்திருக்கும்.

டிசம்பர் 14 காலை. பெஷாவரிலிருந்து 26ஆம் ஸ்குவாட்ரனின் ஆறு சேபர்கள், விங் கமாண்டர் ஷர்பத் அலி சங்கேசியின் தலைமையில் ஸ்ரீநகருக்கு வந்தன. குண்டு வீச நான்கு, அவற்றுக்குக் காவலாக இரண்டு. தளத்தில் ஆயத்தப் பணியில் இரண்டு ‘நாட்’கள். முதன்மை விமானி ஃபிளைட் லெப்டினன்ட் குமன், அவருக்குத் துணை விமானி சேகோன்.

ஆயத்தப் பணி என்றால் விமானத்தை விட்டு அகலக் கூடாது. அழைப்பு வந்த மாத்திரத்தில் எஞ்சினை உயிர்ப்பித்து ஓடுபாதைக்கு வந்தாக வேண்டும். குமன் முதலில் ஓடினார், மேலே எழும்பினார். அவருடைய விமானம் கிளப்பிய புழுதி ஓடுபாதையை மூடியது. சேகோன் காத்திருக்க வேண்டியதாயிற்று. சமவெளியில் சில விநாடிகள் காத்திருப்பது பெரிய விஷயமில்லை. இங்கே அந்த விநாடிகளுக்குள் சேபர்கள் வந்துவிட்டன. ஓடுபாதையில் குண்டுகள் விழ ஆரம்பித்தன, எந்திரத் துப்பாக்கிகள் தளத்தைச் சல்லடையாக்கின.

போர் விமானத்தின் வாழ்வில் மிகவும் நிராதரவான நேரம் ஓடுபாதையில் ஓடும் அந்த அரை நிமிடம்தான். திரும்ப முடியாது, ஒளிய முடியாது, வேகமும் இல்லை. நேர்க்கோட்டில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். மேலே இருப்பவனுக்கு அதைவிட எளிய இலக்கு கிடையாது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடியிருந்தால் சேகோனை ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் விசைக்கோலை முன்னே தள்ளினார். வெடித்துக்கொண்டிருந்த ஓடுபாதையில் ஓடினார், எழும்பினார்.

எழும்பிய கையோடு, குண்டு வீசிவிட்டுத் திரும்பும் இரண்டு சேபர்களின் பின்னால் போய்ச் சேர்ந்தார். முன்னே போன குமனுக்குக் கீழே நடந்தது தெரியவில்லை. அந்த மூடுபனியில் இருவரும் ஒருவரையொருவர் தவறவிட்டார்கள். ஆக, சண்டை ஒருவருக்கும் ஆறு பேருக்குமாக ஆகிவிட்டது. இரண்டு சேபர்களின் பின்னால் இருக்கிறேன், விட மாட்டேன் என்று சேகோன் வானொலியில் சொன்னது கேட்டது. அவர்கள் வளைய, இவரும் வளைந்தார். சண்டை மரங்களின் உச்சி அளவுக்கு இறங்கியது. அவ்வளவு தாழ்வில், குறுகிய பள்ளத்தாக்குக்குள், இவர் ஒருவரின் வாலைப் பிடிக்கும்போது இன்னொருவர் இவர் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தார். காவலுக்கு வந்த சேபர்களும் இறங்கி வந்தன. அடிபட்டுவிட்டதாக நினைக்கிறேன், குமன், வந்து அவர்களைப் பிடியுங்கள் என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

அவர் வெளியே குதிக்க முயன்றிருக்கிறார். விமானத்தின் கண்ணாடி மூடி கழன்று பறந்ததைத் தரையிலிருந்து பார்த்தார்கள். ஆனால் பாராசூட் விரிய உயரம் இல்லை. விமானத்தின் சிதிலங்கள் ஒரு மலைப்பிளவில் கிடைத்தன. தரைப்படையும் விமானப்படையும் பலமுறை தேடியும் உடல் கிடைக்கவில்லை. சில மாதங்களுக்கு முன்புதான் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது.

இனி விருது பற்றி. பரம்வீர் சக்ராவுக்கான பாராட்டுரையை எடுத்துப் பாருங்கள், அது தொடங்குவது எத்தனை விமானங்களை வீழ்த்தினார் என்பதிலல்ல. அவருக்கு அந்த நிலப்பகுதி பழக்கமில்லை, அந்த உயரத்துக்கும் காஷ்மீரக் குளிருக்கும் உடல் பழகவில்லை என்பதை முதலில் சொல்கிறது. புழுதியால் உடனே கிளம்ப முடியாமல் போனதைச் சொல்கிறது. ஓடுபாதை தெளிந்தபோது ஆறு விமானங்கள் தலைக்கு மேல் இருந்ததையும், தாக்குதலின் நடுவே கிளம்புவதில் இருந்த உயிராபத்தையும் சொல்கிறது. அதன் பிறகே இரண்டு எதிரி விமானங்களைச் சேதப்படுத்தினார் என்று வருகிறது. மரத்தின் உச்சி அளவு உயரத்தில் ஈடுகொடுத்துப் போராடி, எண்ணிக்கையின் பலத்தால் வீழ்த்தப்பட்டார் என்று முடிகிறது. எழுதியவர் யாரோ, எது முக்கியம் என்று தெரிந்து எழுதியிருக்கிறார்.

இந்த வரிசையை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சேகோன் பெயரை எடுத்தாலே சிலர் கணக்கு கேட்பார்கள்: எத்தனை சேபர் விழுந்தது? பாராட்டுரை ‘சேதப்படுத்தினார்’ என்றுதான் சொல்கிறது. பாகிஸ்தான் தரப்போ ஆறு விமானங்களும் திரும்பின என்கிறது. வான்போரில் இந்தக் கணக்கு வழக்கு எப்போதும் சிக்கலானது. நம் காலத்திலேயே பாருங்கள்: திருவண்ணாமலை மாவட்டம் திருப்பணமூரைப் பூர்வீகமாகக் கொண்ட விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான் 2019 பிப்ரவரி 27 அன்று மிக்-21 பைசனில் போய் எஃப்-16 ஒன்றை வீழ்த்தினார் என்று இந்தியா சொல்லி வீர் சக்ரா தந்தது. பாகிஸ்தான் இன்றுவரை மறுக்கிறது. அந்த வாதம் முடியப் போவதில்லை. பழைய மிக் ஒன்றில் அவர் எதிர்கொண்டு போனதை யாரும் மறுக்க முடியாது.

எதிர்ப்பக்கத்துச் சாட்சியம் சில சமயம் நம் ஆளுக்கே விருது வாங்கித் தந்ததும் உண்டு. குடகைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா 1965 செப்டம்பர் 7 அன்று சர்கோதா தாக்குதலுக்குப் போய்த் திரும்பவில்லை. என்ன ஆனார் என்று நம்மவர்களுக்குத் தெரியவில்லை. பாகிஸ்தான் தரப்பை ஆதாரமாகக் கொண்டு பிரிட்டிஷ்காரர் ஒருவர் எழுதிய புத்தகத்தில்தான் உண்மை வெளிவந்தது: தேவய்யா தன்னுடைய பழைய மிஸ்டேர் விமானத்தை வைத்துக்கொண்டு, ஒலியைவிட இருமடங்கு வேகத்தில் போகக்கூடிய எஃப்-104 ஒன்றை எதிர்த்து நின்று, தாம் விழுமுன் அதையும் வீழ்த்தியிருக்கிறார். 1988இல், 23 ஆண்டுகள் கழித்து, அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. சேகோன் விஷயத்திலும், அவரை வீழ்த்தியவராகச் சொல்லப்படும் ஃபிளைட் லெப்டினன்ட் சலீம் பெய்க் மிர்சா அந்தச் சண்டையைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதியபோது, எதிரே வந்தவனின் போராட்டத்தை மதித்தே எழுதினார். எதிரி நாட்டு விமானி, எதிரியைப் பற்றி, பரிசோ பதவியோ எதிர்பார்க்காமல் எழுதியது அது. சேகோனுக்குக் கிடைத்த விருதுகளின் வரிசையில் இதையும் சேர்த்துத்தான் நான் வைப்பேன்.

பதக்கத்தைப் பற்றியும் கொஞ்சம். வெண்கலத்தால் ஆன, மூன்றரை சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம், ஊதா நிற நாடா. 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டாலும் 1947 ஆகஸ்ட் 15 முதலே கணக்கில் கொள்ளப்பட்டது. வடிவமைத்தவர் சாவித்ரி கானோல்கர், ஐரோப்பாவில் பிறந்து இந்திய ராணுவ அதிகாரி ஒருவரை மணந்து இந்தியராகவே வாழ்ந்தவர். அதில் இந்திரனின் வஜ்ராயுதம் நான்கு திசையிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அசுரனைக் கொல்ல ததீசி முனிவர் தம் முதுகெலும்பையே கொடுத்துவிட்டார், அதிலிருந்து வஜ்ராயுதம் செய்யப்பட்டது என்பது புராணம். புராணத்தை ஆழப் படித்திருந்த சாவித்ரி அம்மையார் அதை எண்ணித்தான் அந்தச் சின்னத்தைத் தேர்ந்தெடுத்தார்.

முதல் பரம்வீர் சக்ரா பெற்றவர் மேஜர் சோம்நாத் சர்மா. 1947 நவம்பர் 3 அன்று பட்காமில் சண்டையிட்டு மாண்டார். அவர் காத்தது எதை? இதே ஸ்ரீநகர் விமான நிலையத்தை. அன்று அந்த ஓடுபாதை எதிரி கைக்குப் போயிருந்தால் விமானத்தில் படைகள் வந்து இறங்கியிருக்க முடியாது. 24 ஆண்டுகள் கழித்து அதே ஓடுபாதைக்காக, இம்முறை அதிலிருந்தே எழும்பி, சேகோன் உயிர் விட்டார். 1971 போருக்காக நால்வருக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது: ஆல்பர்ட் எக்கா, அருண் கேத்ரபால், ஹோஷியார் சிங், சேகோன். இவர்களில் உயிரோடு வாங்கியவர் ஹோஷியார் சிங் மட்டுமே. இலங்கையில் 1987 நவம்பர் 25 அன்று மாண்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் அந்த 21 பேரில் ஒருவர் என்பதைத் தமிழர்கள் மறந்துவிடக் கூடாது.

சுதந்திரத்துக்கு முன்னால் விமானிகளின் வீரத்துக்குக் கிடைத்த பெருமை பிரிட்டிஷ் பதக்கங்கள்தான். முதல் உலகப் போரில் பத்து எதிரி விமானங்களை வென்று, 1918 ஜூலை 22 அன்று இருபது வயதுகூட நிரம்பாமல் மறைந்த வங்காளி இந்திரலால் ராய்க்கு டிஸ்டிங்குவிஷ்ட் ஃபிளையிங் கிராஸ் (டி.எஃப்.சி.) கிடைத்தது. பர்மா போர்முனையில் அர்ஜன் சிங் 1944இல் அதே பதக்கத்தைப் பெற்றார். இந்தியா தனக்கென்று பதக்கங்களை வார்த்துக்கொண்ட பிறகு போர்க்களத்துக்குப் பரம்வீர், மகாவீர், வீர் என்று மூன்று படிகள் வந்தன. அமைதிக்காலத்து வீரத்துக்கு அசோக, கீர்த்தி, சௌர்ய என்று இன்னொரு மூன்று. இந்த இரண்டாவது வரிசை நம் சூலூர்க் கதைக்கு மிக முக்கியம், பிறகு வருகிறேன்.

சேகோனுக்கு மூன்று வாரம் முன்பு, அதே ‘நாட்’ விமானத்தில், அவரைப் போலவே ஃபிளையிங் ஆபீசராக இருந்த இன்னொருவர் வீர் சக்ரா பெறும் காரியத்தைச் செய்தார். அவரைச் சொல்லாமல் போனால் நீலகிரிக்காரர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். டொனால்ட் லாசரஸ், ஓய்வுக்குப் பிறகு குன்னூரில் வாழ வந்தவர். 1971 நவம்பர் 22, முறைப்படி போர் தொடங்காத நேரம். கிழக்கு எல்லையில் போய்ராவுக்கு மேலே மூன்று பாகிஸ்தான் சேபர்கள் நம் படைகளைத் தாக்கிக்கொண்டிருந்தன. டம்டம்மிலிருந்து 22ஆம் ஸ்குவாட்ரனின் நான்கு ‘நாட்’கள் கிளம்பின. மாசே, கணபதி, லாசரஸ் ஆகிய மூவரின் பீரங்கிகள் பேசின. சேபர்களில் இரண்டு விழுந்தன, மூன்றாவது அடிபட்ட நிலையில் தப்பித்து டாக்கா போய்ச் சேர்ந்தது. சண்டை நடந்தது சில நிமிடம்தான். மிக அருகே போய்ச் சுட்டதால் உடைந்து சிதறிய சேபரின் துண்டுகள் லாசரஸின் விமானத்திலேயே வந்து மோதின. மூவருக்கும் வீர் சக்ரா.

விழுந்த சேபர் ஒன்றிலிருந்து பாராசூட்டில் இறங்கிப் பிடிபட்ட இளைஞர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. கொதித்துப் போயிருந்த வீரர்களிடமிருந்து அவரைக் காப்பாற்றி முறைப்படி கைதியாக்கியவர் கேப்டன் பனாக், பின்னாளில் லெப்டினன்ட் ஜெனரல் ஆனவர். குரேஷி 1997இல் பாகிஸ்தான் விமானப்படையின் தலைமைத் தளபதி ஆனார். லாசரஸ் அவருக்கு வாழ்த்துக் கடிதம் எழுதினார். மரியாதையான பதிலும் வந்தது. போய்ராவில் பிழைத்தவர்களுக்கு இப்படி ஒரு பின்கதை கிடைத்தது. சேகோனுக்கும் மிர்சாவுக்கும் கடிதம் எழுதிக்கொள்ளும் வாய்ப்பு இல்லாமல் போனது.

சேகோனின் பெயரில் ஒரு எண்ணெய்க் கப்பல் ஓடியது. அந்தமானில் 2023 ஜனவரி 23 அன்று பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் பெயர்களும் 21 தீவுகளுக்கு வைக்கப்பட்டன, அதில் ஒன்று அவருடையது. இவையெல்லாம் அரசு செய்தவை, செய்ய வேண்டியவை. கோவையில் நம்மவர்கள் செய்யும் காரியம் வேறு. ‘நாட்’டைப் போலவே தேஜஸும் ஒற்றை எஞ்சின் கொண்ட, எடை குறைந்த விமானம். ‘நாட்’டுக்கு உரிமத்தை வெளிநாட்டில் வாங்கினோம். தேஜஸை நாமே வடிவமைத்தோம். 2025 ஏப்ரலில், தேஜஸ் மார்க் 1ஏ-வுக்கான முதல் இறக்கைத் தொகுதியை எல் அண்ட் டி நிறுவனம் கோவையிலுள்ள தன் ஆலையில் வைத்து ஹெச்.ஏ.எல்.லிடம் ஒப்படைத்தது. பம்புசெட்டுக்கும் நூற்பாலைக்கும் உதிரிப்பாகம் கடைந்து பழகிய கோவை இன்று போர் விமானத்தின் இறக்கையைக் கோத்து அனுப்புகிறது. பட்டறையில் நிற்பவர் அண்ணாந்து பார்த்து, “ஏனுங்கண்ணா, இது நம்ம சூலூர் வண்டிதானுங்களே?” என்று கேட்டால், “வண்டி மட்டுமில்லீங்க, றெக்கையும் இனிமே நம்மூர்துதானுங்க” என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் இன்னும் செய்யவில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு. உடுமலை அமராவதி நகரில் 1962 முதல் சைனிக் பள்ளி நடக்கிறது. பீளமேட்டைச் சுற்றி இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை, டிசம்பர் 14 அன்று, இந்த மாணவர்களை உட்கார வைத்து அந்தப் பாராட்டுரையைத் தமிழில் வாசித்துக் காட்டலாம். பெரிய செலவில்லை. 18ஆம் ஸ்குவாட்ரன் தேஜஸோடு மறுபடி உயிர்பெற்ற மாவட்டம் இது. அந்த உரிமையில் நாம் இதைச் செய்யலாம்.

அமைதிக்காலத்து விருதுகளைப் பற்றிப் பிறகு வருகிறேன் என்றேன். 2020 அக்டோபர் 12 அன்று தேஜஸ் விமானம் ஒன்று நடுவானில் கட்டுப்பாட்டை இழந்தது. விமானி அறையின் காற்றழுத்த அமைப்பும் பழுதானது. வெளியே குதித்துவிட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. குதிக்காமல் விமானத்தைத் தரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார், அது ஏன் பழுதானது என்று மற்றவர்கள் கண்டறிந்து திருத்தவும் அதனால் முடிந்தது. 2021 ஆகஸ்டில் அவருக்கு சௌர்ய சக்ரா அறிவிக்கப்பட்டது. அவர் வருண் சிங். அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று முப்படைத் தளபதி பிபின் ராவத்தை வரவேற்க வெலிங்டனிலிருந்து சூலூருக்கு வந்து, அவரோடு ஹெலிகாப்டரில் ஏறினார். குன்னூர் அருகே அது விழுந்தது. ஏறிய 14 பேரில் அன்று உயிர் தப்பியவர் அவர் மட்டும். ஒரு வாரம் போராடி டிசம்பர் 15 அன்று பெங்களூரில் மறைந்தார். அதற்குச் சில மாதம் முன்பு, தாம் படித்த பள்ளியின் முதல்வருக்கு அவர் ஒரு கடிதம் எழுதியிருந்தார். சராசரி மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட அந்தக் கடிதத்தோடு அடுத்த இதழில் தொடங்குவோம்.

(தொடரும்)